சர்வருக்கும் ஓர் அப்ரூவ்டு சாம்பிள்

திருப்பூரில் எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதோடு இன்னும் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்ட். பனியன் கம்பெனிகளின் சம்பளக் கணக்கு இந்த அரைகளிலும் ஒன்றரைகளிலும்தான் ஓடுகிறது. வாசலில் விரலைப் பார்த்து வருகை பதியும் கருவி ஒரு நேரத்தைக் குறிக்கிறது. சம்பள சாஃப்ட்வேர் ஓடும் சர்வர் தன் நேரத்தை வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், தானாக ஒத்துப்போகாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் சொல்கிறது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகலாம். ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்குக் கணக்குப் போட்டால் அது 1.7 விநாடி. மாதத்துக்கு ஐம்பது விநாடி. ஒரு வருடம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் பத்து நிமிடத்துக்கு மேல். சூடு ஏறி இறங்கினால் படிகத்தின் வேகமும் மாறும். ஆகவே ஏசி அறையில் இருக்கும் சர்வரும் சாயப்பட்டறையின் வெக்கையில் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி பிசகுவதுகூட இல்லை.

இதற்கான மருந்து பழையது. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் வகுத்த என்டிபி நெறிமுறைப்படி, ஒரு கம்ப்யூட்டர் நம்பகமான இன்னொன்றிடம் அவ்வப்போது மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். யாரிடம் கேட்பது என்பதை ஒரு செட்டிங் கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். இந்தியாவில் அந்த ஒரு வரிக்கு அரசு உத்தரவே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு பொருந்தும் சர்வர்களோடு, தங்கள் மணியைச் சரிபார்க்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். திருப்பூரின் பெரும்பாலான கம்பெனிகள் அந்த வகையில்தான் வருகின்றன. உத்தரவின் காரணம் எளிது. ஒருவன் எந்தக் கம்ப்யூட்டரில் முதலில் நுழைந்தான், அங்கிருந்து எங்கே தாவினான் என்று கண்டுபிடிக்க, எல்லாப் பதிவேடுகளும் ஒரே மணியைச் சொல்ல வேண்டும்.

ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அவிநாசி ரோட்டில் தலைமை அலுவலகம், நெருப்பெரிச்சலில் கட்டிங்கும் தையலும், அருள்புரத்தில் சாயப்பட்டறை. மூன்று இடத்திலுமாக ஆறு சர்வர், எழுபது எண்பது கம்ப்யூட்டர். ஆறு சர்வரில் ஒரு வரியைச் சேர்ப்பது அரை நாள் வேலை. சிஸ்டம் பார்ப்பவர் ஒவ்வொன்றாக உள்ளே போய்த் திருத்துவார். நான்காவது சர்வரில் இருக்கும்போது, பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் வரவில்லை என்று போன் வரும். திரும்பி வந்து ஐந்தாவதிலிருந்து தொடங்குவார். நான்காவதில் கோப்பைத் திருத்தியாயிற்று, சேவையை மறுபடி தொடக்கவில்லை. பழைய செட்டிங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து ஆறாவது சர்வரின் டிஸ்க் பழுதாகும். புதிதாக நிறுவ வருபவர் வேறு ஆள். அந்த ஒரு வரி அவருக்குத் தெரியாது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் ஒரே மாதிரி இருக்க வேண்டிய ஆறு சர்வர்கள் ஆறு விதமாகிவிட்டன. இந்த நகர்வு நின்று போவதே இல்லை. ஒவ்வொரு சின்னத் திருத்தமும், நள்ளிரவில் அவசரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ஒட்டும் அதைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கட்டளைகளாக எழுதி ஆறிலும் ஓட்டினால் போதாதா? எல்லாரும் முதலில் போகும் வழி அதுதான். கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர், சேவையைத் தொடக்கு என்று ஒரு ஸ்கிரிப்ட். ஒரு முறை ஓட்டினால் ஒரு வரி சேரும். சரியாக ஓடியதா என்ற சந்தேகத்தில் மறுபடி ஓட்டினால் இரண்டு வரி. பத்துக் கட்டளைகளில் ஏழாவதில் கரண்ட் போனால், முதல் ஆறும் முடிந்து, மீதி முடியாத நிலையில் சர்வர் நிற்கும். முதலிலிருந்து ஓட்டலாமா, ஏழாவதிலிருந்து ஓட்டலாமா? ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தொடங்கும்போது இயந்திரம் இன்ன நிலையில் இருக்கும் என்ற ஊகத்தின் மேல் அது எழுதப்பட்டது. அந்த ஊகம் பொய்த்துவிட்டால் அடுத்த படிகள் எதற்கும் பொருளில்லை.

1993இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் என்ற ஆய்வாளர் இதே தொல்லையில் இருந்தார். படித்தது கோட்பாட்டு இயற்பியல். துறையின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. பல கம்பெனிகளின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டளையில் சின்னச் சின்ன வேறுபாடு. ‘இந்த வகையானால் இப்படிச் செய், அந்த வகையானால் அப்படிச் செய்’ என்று ஸ்கிரிப்ட் புதராக வளர்ந்தது. அவர் எழுதிய சிஎஃப்என்ஜின் என்ற சாஃப்ட்வேர் கேள்வியைத் திருப்பிப் போட்டது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதே, முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல். இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும். இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கோப்பைக் கணக்குப் பிரிவைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. இப்போதைய நிலையைப் பார்ப்பதும், வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதும், வேறுபட்டதை மட்டும் திருத்துவதும் சாஃப்ட்வேரின் பாடு.

திருப்பூர் வாசகருக்கு இது புதிய சிந்தனையே இல்லை. சாயப்பட்டறை லேப்பில் தினமும் நடப்பது இதுதான். பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்கிறார். லேப்பில் சில கிராம் துணியில் லேப் டிப் போட்டு இரண்டு மூன்று ஷேடு அனுப்புகிறார்கள். ஒன்றை அவர் ஒப்புக்கொள்கிறார். அன்றிலிருந்து அந்த அப்ரூவ்டு துண்டுதான் சட்டம். அதற்கான ரெசிபி ஏட்டில் இருக்கிறது: இன்ன சாயம் இத்தனை சதவீதம், இத்தனை உப்பு, இத்தனை சோடா ஆஷ், 60 டிகிரி. ஆனால் அதே ரெசிபியை அப்படியே போட்டாலும் ஒவ்வொரு லாட்டும் ஒரே ஷேடு தருவதில்லை. தண்ணீர் மாறும், நூல் மாறும், உப்பின் தரம் மாறும். அதனால் டையிங் மாஸ்டர் ரெசிபியோடு நிற்பதில்லை. மெஷினிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, லைட் பாக்ஸில் அப்ரூவ்டு சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஸ்பெக்ட்ரோ மீட்டர் வேறுபாட்டை எண்ணாகச் சொல்கிறது. வேறுபாடு பையர் ஒத்துக்கொண்ட எல்லைக்குள் இருந்தால் கை வைப்பதில்லை. கொஞ்சம் வெளிறியிருந்தால் அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் அடிஷன் போடுகிறார். ஸ்கிரிப்ட் என்பது ரெசிபி. பர்ஜெஸ் சர்வருக்குக் கொடுத்தது அப்ரூவ்டு சாம்பிளை.

எல்லைக்குள் இருந்தால் கை வைக்காதே என்பதில்தான் இந்த முறையின் கணித பலம் இருக்கிறது. ஒரு செயலை ஒரு முறை செய்தாலும் நூறு முறை செய்தாலும் விளைவு ஒன்றேயானால், அதைத் தயங்காமல் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஓர் எண்ணின் குறியை நீக்கிவிட்டு அளவை மட்டும் எடுப்பதைப் பாருங்கள். மைனஸ் 5 என்பது 5 ஆகும். மறுபடி செய்தாலும் 5தான். இயற்கணிதத்தில் இந்தப் பண்பை 1870 வாக்கிலேயே அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் பெயரிட்டு ஆராய்ந்தார். அவர் நினைத்தே பார்த்திராத இடத்தில் அது உயிர்காக்கிறது. ‘வரி இருக்க வேண்டும்’ என்ற கூற்றை இரண்டாம் முறை ஓட்டினால், வரி ஏற்கெனவே இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்ற பதில் வரும். ஏழாவது படியில் கரண்ட் போனால் கவலையில்லை. வந்ததும் முதலிலிருந்து ஓட்டலாம். முடிந்த ஆறும் தாமே விலகிக்கொள்ளும். சர்வர் எந்த மூலையில் கிடந்தாலும், திரும்பத் திரும்ப ஓட்டும்போது அதே இலக்கை நோக்கி வந்து சேர்கிறது. எங்கே தொடங்கினோம் என்பது முக்கியமில்லாமல் போகிறது. என் பார்வையில் இது இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2002இல் ஸ்டீவ் டிராகாட், லான்ஸ் பிரௌன் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று, மாற்றங்கள் செய்யப்படும் வரிசையே முடிவை மாற்றிவிடக்கூடும் என்று வாதிட்டது. சாம்பிளில் எழுதிய பொருள்களை மட்டும்தான் கருவி சரிபார்க்கும். எழுதாமல் விட்ட ஆயிரம் கோப்புகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. யாரோ நிறுவிவிட்டுப் போன பழைய சாஃப்ட்வேர் ஒன்று அந்த இருட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். சாயத்திலும் இதே கதைதான். வெளிறிய துணிக்கு அடிஷன் போடலாம், அடர்ந்துபோன துணியை ஸ்டிரிப் செய்து மறுபடி சாயமேற்றுவது பெரும்பாடு, துணியும் நலியும். ஒப்பீடு இந்த இடத்தோடு முறிகிறது. துணியைத் தூக்கியெறிய முடியாது, சர்வரைத் தூக்கியெறியலாம். சந்தேகத்துக்கிடமான சர்வரைத் திருத்திக்கொண்டிருக்காமல், அழித்துவிட்டு எழுத்திலிருந்து புதிதாகக் கட்டுவது என்ற பழக்கம், சாஃப்ட்வேரைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் 2013இல் வந்த பிறகு பரவலாகிவிட்டது.

பர்ஜெஸுக்குப் பிறகு வந்த கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லூக் கானீஸ் 2005இல் பப்பட்டை வெளியிட்டார். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு ஏஜென்ட் அமர்ந்து, வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை தலைமை சர்வரிடம் சாம்பிளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுக்கொள்ளும். 2009இல் செஃப், 2011இல் சால்ட். 2012இல் மைக்கேல் டிஹான் எழுதிய அன்சிபிள், சர்வரில் தன் ஏஜென்ட் எதையும் நிறுவ வேண்டாம் என்றது. ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்எச் என்ற தொலை நுழைவு வழியாக உள்ளே போய், பார்த்து, திருத்தி, வெளியே வந்துவிடும். அதன் கோப்புகளைப் புரோகிராமர் அல்லாதவரும் வாசிக்க முடியும். சிறு நிறுவனங்களுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. அலுவலகத்தின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே குரூப் பாலிசி இருக்கிறது. 90 நிமிடத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் முன்பின்னாக, தன் விதிகளைப் புதுப்பித்துக்கொள்ளும். சென்னையில் உருவான ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு, டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பெயரில் தொடங்கி இப்போது எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் என்று விற்கும் கருவியும் இந்தக் குடும்பம்தான். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஓரிடத்தில் இருந்து ஒரே நிலையில் வைக்கும் சாஃப்ட்வேரை உலகுக்கு விற்கும் கம்பெனி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திருப்பூர் அதை இன்னும் அதிகம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எட்டு சர்வரில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கு நன்றாகப் பதிவான ஒரு வரலாறு உண்டு. நைட் கேப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரும் பங்கு வகித்த வர்த்தக நிறுவனம். 2012 ஜூலை 27இலிருந்து தன் ஆர்டர் அனுப்பும் எட்டு சர்வர்களிலும் புதிய நிரலை ஏற்றத் தொடங்கியது. ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. விடுபட்ட சர்வரில் ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் இருந்தது. 2003க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை, நீக்கவும் இல்லை. புதிய நிரலோ, பவர் பெக்கை எழுப்ப முன்பு பயன்பட்ட அதே குறியீட்டை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் அந்தக் குறியீட்டைப் புதுப் பொருளில் புரிந்துகொண்டன. எட்டாவது அதைப் பழைய பொருளில் புரிந்துகொண்டு, நிற்கத் தெரியாமல் ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பியது. வாடிக்கையாளர்களின் 212 ஆர்டர்களுக்கு, 45 நிமிடத்தில், 154 பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்கள்.

அதற்குள் நடந்த ஒன்றை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பிழை புதிய நிரலில்தான் இருக்கும் என்று எண்ணி, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டும் பழைய பவர் பெக்கை ஓட்டின. எது சரியான நிலை, எந்தச் சர்வர் அதிலிருந்து விலகியிருக்கிறது என்று அந்த நிமிடம் அவர்களுக்குச் சொல்ல ஒரு ஏடு இல்லை. சந்தை திறக்கும் முன்பே, அந்த அமைப்பே தன் பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தன் தனி இருப்பை இழந்தது; அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. எட்டு சர்வர்களையும் ஒரு எழுத்தோடு ஒப்பிடும் கருவி இருந்திருந்தால், விடுபட்ட ஒன்றை முதல் ஓட்டத்திலேயே காட்டியிருக்கும்.

இதே பலம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒரு திருத்தத்தை ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும் வழி, ஒரு பிழையையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். 2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39க்குக் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு செட்டிங் கோப்பு, அதன் பாதுகாப்பு சாஃப்ட்வேர் ஓடிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கோப்பைப் படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் சின்னதாகப் போயிருக்கும். முதலில் ஒரு சர்வர், ஒரு நாள் பொறுத்து இன்னும் இரண்டு, பிறகு மீதி என்று போவது ஆறு சர்வர் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

இன்னோர் ஆபத்து, தலைமைக் கருவியே எல்லாச் சாவிகளையும் வைத்திருப்பது. 2020 ஏப்ரல் இறுதியில் சால்டில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. சில நாட்களுக்குள் லினியேஜ்ஓஎஸ், கோஸ்ட் போன்ற அமைப்புகளின் சர்வர்களில் திருடர்கள் நுழைந்தார்கள். 2021 டிசம்பரில் டெஸ்க்டாப் சென்ட்ரலிலும் அப்படியொரு ஓட்டை. ஜோஹோ திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை ஏற்கெனவே தாக்குதல்களில் பயன்படுகிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. இதைக் காரணம் காட்டிக் கருவியே வேண்டாம் என்பது தவறு. தலைமை சர்வரை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், திருத்தம் வந்த அன்றே போடுங்கள், கடவுச்சொல்லை அந்த எழுத்துக் கோப்பில் வெளிப்படையாக எழுதாதீர்கள் என்பதே அதன் பொருள்.

திருப்பூரில் இந்த முறை தரக்கூடிய பெரிய நன்மை வேகமல்ல என்று நினைக்கிறேன். ஆறு சர்வரைக் கையாலும் நிர்வகித்துவிடலாம். ஆனால் அவற்றைப் பற்றிய அறிவு அநேகமாக ஒரே ஆளின் தலைக்குள் இருக்கிறது. இன்வாய்ஸ் சர்வரின் பேக்கப் எந்த டிஸ்குக்குப் போகிறது, சாயப்பட்டறையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது, வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா? சிஸ்டம் பார்க்கும் அந்த ஆள் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போனால் எல்லாம் அவரோடு போய்விடும். நிலையை எழுத்தில் வைத்து, அந்த எழுத்தை கிட் போன்ற ஏட்டில் வைத்துவிட்டால், யார் எப்போது எந்த வரியை ஏன் மாற்றினார் என்பது அடுத்து வருபவருக்குக் கிடைக்கும். இன்னொருவர் அதை வாசித்துப் பிழை சொல்ல முடியும். நைட் கேப்பிட்டலில் இல்லாத அந்த இரண்டாவது கண், இப்படித்தான் ஒரு சிறு கம்பெனிக்குக் கிடைக்கும்.

சாயப்பட்டறையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களில் ஒரு லாட் பல மணி நேரம் ஓடும். சூட்டையும் சாயம் இறங்கும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள் பல இடங்களில் ஒரு மையக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கின்றன. திருத்தம் போட்டதும் அந்தக் கம்ப்யூட்டர் நடுவில் மறுதொடக்கமானால், பாதி சாயமேறிய துணி மெஷினுக்குள் நின்றுவிடலாம். ஆகவே அங்கே கருவி தானாகத் திருத்தக் கூடாது. வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். அன்சிபிளிலும் பப்பட்டிலும் அதற்கென்றே வசதி இருக்கிறது. எதையும் தொடாமல், மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் தரும். லாட் இறங்கிய பிறகு மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டலாம். மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் எந்தக் கருவியும் ஏறாமல் போகலாம். அவற்றை மற்ற வலையிலிருந்து பிரித்துவிட்டு, அவற்றின் நிலையையும் அதே ஏட்டில் எழுதி, வாரத்துக்கு ஒரு முறை கையால் ஒப்பிடலாம்.

எழுதியது முழுமையானதா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. பொங்கலுக்கு ஊர் காலியாகும் நாட்களில் மாற்றாக ஒரு கம்ப்யூட்டரை எடுத்து, அதை ஒன்றுமில்லாமல் துடைத்துவிட்டு, எழுத்திலிருந்து மட்டும் இன்வாய்ஸ் சர்வரை மறுபடி கட்டிப் பாருங்கள். பேக்கப்பிலிருந்து தரவையும் இறக்கி, போன வாரத்து இன்வாய்ஸ் ஒன்றை அச்சடித்துப் பாருங்கள். முதல் ஆண்டு எப்படியும் எங்காவது முட்டி நிற்கும். எழுத்துரு ஒன்று விட்டுப்போயிருக்கும், பிரிண்டர் பெயர் தவறியிருக்கும், டிஜிட்டல் கையொப்பத்துக்கான சாஃப்ட்வேர் யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொன்றையும் அன்றே கோப்பில் சேர்த்து, கட்டி முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் அதே கோப்பின் தலையில் எழுதி வையுங்கள்.